ஊரையே சிரிக்க வைத்த பாட்டி, தனியே இருக்கும்போது: உங்கள் வீட்டிலும் உண்டா?

தாட்டோன் பேத்தி

ஒவ்வொரு வருஷமும் திஞ்சான், அதான் பர்மாவின் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, முடியும் நாளில் இது ஞாபகம் வந்துவிடுகிறது. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் அப்பத்தாவைத் தெருவில் தெரியாதவர் இல்லை. மோன்காரர், பர்மாக்காரர், நம்மவர் என்று எல்லோர் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவருக்குத் தனி அழைப்பு வரும். திஞ்சானில் போலீஸ்காரர் தலையிலேயே வாளியைக் கவிழ்த்துவிட்டு, பர்மியத்தில் நூறு வயது வாழச் சொல்லி வாழ்த்துவார். அவரும் சிரித்துக்கொண்டே போவார்.

1994. எனக்கு ஒன்பது வயது. திஞ்சான் கடைசி நாள் மத்தியானம். கொண்டையில் பிடௌப் பூ வைத்துக்கொண்டு அப்பத்தா வாசலில் ஆடியதைப் பார்க்கவே கூட்டம் நின்றது. நான் துண்டு எடுக்கப் பின்கட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னாலேயே அவர் அங்கே இருந்தார். எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. தண்ணீர்ச் சாடியை ஒட்டி, ஈரச் சேலையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஆனால் அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. முந்தானையிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் ஓடிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பத்தா, லாரி வந்துருச்சு, வாங்க" என்றேன்.

"இன்னைக்கு வச்சிருந்த சிரிப்பு தீந்து போச்சு தங்கம். நாளைக்கு வா."

எனக்கு அது வேடிக்கையாகப் பட்டது. வாசலுக்கு ஓடி எல்லோரிடமும் சொன்னேன், அவர் குரல் மாதிரியே பேசிக் காட்டி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்கட்டுக்கும் வாசலுக்கும் நடுவே இருந்தது ஒரு மூங்கில் தட்டிதான். அந்தச் சிரிப்பு அவர் காதில் விழுந்திருக்கும்.

அவர் போன பிறகுதான் அப்பா சொன்னார்: கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அப்படித்தானாம். மாதத்தில் பாதி நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இருட்டில் உட்கார்ந்திருப்பாராம். வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியுமாம். யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பகோ ஆள்

எங்கள் ஆயா. 1987 செப்டம்பர். ஜெனரல் நே வின் அரசு 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த நாள். மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. வீடு வீடாக ஒப்பாரி. ஆயா கையில் தெருவாரின் சீட்டுப் பணம் முழுவதும் இருந்தது, பாதிக்கு மேல் 75 சாட் நோட்டு. அவர் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்த நோட்டிலேயே கப்பல் மடித்துக் கொடுத்து, மழைத் தண்ணீரில் விடச் சொன்னார். "ஜெனரல் கப்பல் போகுது பாருங்கடா!" அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி நான் ஒண்ணுக்குப் போக எழுந்தேன். நனைந்த நோட்டுகளைச் சாக்கடையிலிருந்து பொறுக்கிவந்து கொசுவலைக் கயிற்றில் ஒவ்வொன்றாகக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். கேட்டால் காய்ச்சல் என்பார்.

1964-இலும் இதே கதைதான். மார்ச்சில் ரங்கூனில் தொடங்கிக் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 சாட் நோட்டு போனது. இரண்டு தடவை அடி வாங்கிய மனசு. தாட்டோன் அக்கா, உங்கள் அப்பத்தாவுக்கும் இப்படி ஏதோ ஒன்று நடந்திருக்கும். 1942-இல் ஜப்பான்காரனுக்குப் பயந்து இந்தியாவுக்கு நடந்தே கிளம்பிய கூட்டத்தில் இருந்தாரா? அப்பாவிடம் நன்றாகக் கேளுங்கள். காரணம் இல்லாமல் ஒரு மனுஷி அப்படி உட்கார மாட்டார்.

மோல்மீன் மருமகள்

பகோ அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைசி வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இதே வரியைச் சொல்லித்தான் எங்கள் அம்மாச்சியைப் படுத்தி எடுத்தோம்.

அவருக்கு இழப்பு என்று ஒன்றுமே கிடையாது. தங்கமான தாத்தா, சொந்த வீடு, பிள்ளைகள் எல்லாம் கண் முன்னால். முனீஸ்வரர் கோயில் பூமிதிக்குச் சமைக்கும்போது அண்டா பக்கத்தில் நின்று அவர் விடும் கதையைக் கேட்கவே பெண்கள் காய் நறுக்க வருவார்கள். திருவிழா முடிந்த மறுநாள், முகத்துக்குப் பூசும் தனகாப் பட்டையை அரைக்கும் கல் காய்ந்து கிடக்கும். ஒரு தடவை பதினோரு நாள் அது நனையவே இல்லை, நான் எண்ணினேன். "உனக்கு என்னம்மா குறை?" என்று அம்மாவும் மாமாவும் மாற்றி மாற்றிக் கேட்பார்கள். குறை ஒன்றும் கிடைக்காததால் அவர் மூட்டுவலி என்று சொல்லக் கற்றுக்கொண்டார். அதற்கு எத்தனை தைலம் தேய்த்தோம்!

பக்கத்து வீட்டுப் பர்மாக்கார அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்வாராம். "சேய்ச்சா தே." மனம் கீழே விழுகிறது என்று அர்த்தம், உங்களுக்கே தெரியும். இந்த நோய்க்குப் பர்மியத்தில் பெயரே அதுதான். எங்களிடம் சொல்ல அவரிடம் தமிழில் வார்த்தை இல்லை. இருந்திருந்தாலும் நாங்கள் காரணம்தான் கேட்டிருப்போம்.

தாட்டோன் தங்கச்சி, ஒன்று கேட்கிறேன். "நாளைக்கு வா" என்றாரே, மறுநாள் போனீர்களா?

ரங்கூன் நர்ஸ்

எங்கள் பாட்டியும் அப்படித்தான், டீக்கடையையே சிரிக்க வைப்பார், வீட்டில் சோறு இறங்காது. அதை விடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் பல பேர் "கவலையாக இருக்கிறது" என்று சொல்ல மாட்டார்கள். தலைவலி, மேல்வலி, நெஞ்சடைப்பு, பசியில்லை என்பார்கள். விடியுமுன் விழிப்பு வந்து அப்புறம் தூக்கம் பிடிக்காது. சிரிக்கிறாரே, வேலை செய்கிறாரே என்று ஏமாந்துவிடாதீர்கள். பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்தே இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும் வகை ஒன்று இருக்கிறது, டிஸ்தைமியா என்பார்கள். அது உள்ளவர்கள் எல்லா வேலையையும் செய்துகொண்டே இருப்பார்கள், அதனால் அது அவர் சுபாவம் என்றே வீட்டார் நினைத்துவிடுவார்கள். டாக்டரிடம் போனால் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தாலும் இப்படி இருக்கும். மாத்திரை கொடுத்தால் இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள், நாலு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். நன்றாகிவிட்டது என்று நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. யுவாத்தாஜி மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் நம்மவர் வாயே திறப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அவசியமே வராது.

பகோ ஆள்

மோல்மீன் அக்கா, நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். 1987-க்கு முன்னாலும் ஆயா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்று இப்போது அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1964-க்கு முன்னாலும். ஆனால் அந்த நோட்டுகளைக் காயப் போட்டதை நான் பார்த்தேன் அக்கா. அதை எப்படி ஒதுக்குவது?

தாட்டோன் பேத்தி

நர்ஸ் அம்மா, நன்றி. அப்பத்தா இருந்தபோது யாராவது இதைச் சொல்லியிருந்தால் அப்பா கட்டாயம் கேட்டிருப்பார்.

பகோ அண்ணே, அப்பாவிடம் கேட்டேன். அப்பத்தா தாட்டோனை விட்டு எங்கும் நடக்கவில்லை. குடும்பத்தில் பெரிதாக எதுவும் போகவில்லை.

மோல்மீன் அக்கா, போனேன். புத்தாண்டு நாள் அல்லவா, பெரியவர்களுக்குத் தலை கழுவிவிடும் நாள். தயோ மரப் பட்டையும் சீயக்காயும் அம்மா காய்ச்சிக் கொடுத்தார், நான் மக்கில் எடுத்துக்கொண்டு போனேன். அப்பத்தா மணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். முடி அவ்வளவு மெலிசாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எப்போதும் பூ வைத்தே பார்த்திருக்கிறேன். அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கண்ணில் பட்டுவிட்டது போலிருந்தது. "எரியுதா அப்பத்தா?" என்றேன். "இல்ல, ஊத்து" என்றார். தண்ணீர் தீரும்வரை ஊற்றினேன்.