கொட்டகைக்குப் பழைய கட்டுமானப் பொருள்கள்: வாங்கலாமா, கூடாதா?

பின்கட்டு:
வீட்டின் பின்புறம் கருவிகளும் சைக்கிளும் வைக்க, 10 அடிக்கு 8 அடியில் ஒரு கொட்டகை கட்டப்போகிறேன். இடித்த கட்டடத்துச் சாமான்கள் மலிவாகக் கிடைக்கின்றன: நிலையோடு கதவு, செங்கல், மர உத்தரம், இரும்பு ஆங்கிள், தகரம், சிமென்ட் கூரைத் தகடு. எல்லாவற்றையும் பழையதிலேயே முடித்துவிடலாம் என்கிறார் என் மைத்துனர். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தூக்குக்குண்டு:
வேண்டாம். மலிவு என்பது வாங்கும் நாளோடு சரி. ஆணி பிடுங்குவதும் கலவை உதிர்ப்பதும் கோணலை இழைத்து நேராக்குவதும் கூலி வேலைதான்; நீங்களே செய்தாலும் அது உங்கள் நேரம். தலை உடைந்து மரத்துக்குள் புதைந்த ஒரே ஓர் ஆணி போதும், ரம்பத்தின் பல் போய்விடும். தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து.

உளி:
மரத்தை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள் ஐயா. பல ஆண்டுகள் காய்ந்து அடங்கிய உத்தரம் இனிமேல் முறுக்கிக்கொள்ளாது. சரியாக உலராத புது மரத்தை வாங்கிப் பூட்டினால், அது சட்டத்திலேயே காய்ந்து கோணிக்கொள்ளும், கதவு மூடாது.

வாங்கும் முன் சோதிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கூர்மையான குத்தூசியை எடுத்துக்கொண்டு போங்கள். நடுவில் குத்திப் பார்த்துப் பயனில்லை. நிலையின் அடிக்கால், உத்தரத்தில் சுவருக்குள் புதைந்திருந்த முனை, இந்த இரண்டு இடங்களில் குத்துங்கள். ஈரமும் கரையானும் அங்கேதான் தொடங்கும். ஊசி எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் அந்தப் பகுதி உளுத்துவிட்டது. பிறகு சுத்தியலால் தட்டுங்கள்: நல்ல மரம் கணீரென்று பேசும், உள்ளே அரித்த மரம் பொத்தென்று ஒலிக்கும். குண்டூசித் தலையளவு துளைகள் தெரிந்தால் மரத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். மாவு போன்ற வெளிர்தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கலாம். அதை வீட்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

செங்கலுக்கும் ஒரு கணக்கு உண்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரென்றால் கொத்துக்கரண்டியால் தட்டினாலே சாந்து உதிர்ந்து கல் முழுசாக வரும். சிமென்ட் கலவையென்றால் கலவைக்கு முன் கல் உடையும். அந்தச் செங்கலை நானும் வாங்கமாட்டேன்.

தூக்குக்குண்டு:
குத்தூசியால் கண்டுபிடிக்க முடியாதவற்றுக்கு என்ன பதில்? அந்தச் சிமென்ட் கூரைத் தகடு எனக்குப் பதற்றமாக இருக்கிறது. பழைய தகடென்றால் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். பார்த்துச் சொல்லிவிட முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் அதைத் தடை செய்திருக்கிறது. அறுத்தாலோ துளையிட்டாலோ உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். நோய் தெரிய பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால்தான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள்.

கதவின் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டு உலரத் தேய்த்தால் அந்தத் தூசி தரையிலும் துணியிலும் படியும். தவழும் குழந்தையின் வாய்க்குப் போகும். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு.

உளி:
கூரைத் தகடு விஷயத்தில் உங்களோடு நூறு சதவீதம் உடன்படுகிறேன். அதைத் தொடவே கூடாது. அதற்காகக் கதவையும் செங்கலையும் சேர்த்துக் குப்பைக்கு அனுப்புவது நியாயமில்லை. பெயின்டை உலரத் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டி அப்புறப்படுத்தலாம். நல்ல நிலையில் இருக்கும் பூச்சின் மேல் புதுப் பூச்சே அடித்துவிடலாம். சூளையில் ஒருமுறை வெந்த கல்லை உடைத்துக் கொட்டிவிட்டு, இன்னொரு கல்லுக்கு மண்ணும் விறகும் செலவழிப்பது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

செம்மண்:
இடையில் ஒன்று. சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளைப் பிரித்துப் பலகை எடுப்பவர்கள் முத்திரையைப் பாருங்கள். எச்டி (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது. எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது, ஒதுக்கிவிடுங்கள். பச்சை நிறம் ஏறிய, மருந்தேற்றிய மரத்துண்டுகளை அடுப்பில் எரிக்காதீர்கள், அந்த மருந்தில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தால் அது சாம்பலில் தங்கும்.

பின்கட்டு:
மிக்க நன்றி. கூரைத் தகட்டைக் கைவிட்டேன். தகரமும் ஆங்கிளும்?

தூக்குக்குண்டு:
தகரத்தில் பழைய ஆணித் துளைகள் இருக்கும். முகட்டில் இருந்தால் அடைத்துச் சமாளிக்கலாம். பள்ளத்தில் இருந்தால் மழைநீர் அங்கேதான் ஓடும், எதை வைத்து அடைத்தாலும் ஒருநாள் ஒழுகும். ஆங்கிளுக்கு நான் சம்மதிக்கவே மாட்டேன். புயல் காற்று கூரையை மேல்நோக்கித் தூக்கும். துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியாத இரும்பை நம்பி அதன் கீழ் ஆள் நிற்கக்கூடாது.

உளி:
கம்பித் தூரிகையால் தேய்த்தால் மேல்துருவா, குழி விழுந்த துருவா என்று தெரிந்துவிடுமே. குழி விழாத ஆங்கிளைத் தாராளமாகப் போடலாம். போல்ட், வாஷர், திருகாணி மட்டும் புதிதாக இருக்கட்டும்.

தூக்குக்குண்டு:
வெல்டிங் வைத்த இடத்தையும் மூட்டின் உள்பக்கத்தையும் தூரிகை எட்டாது. கூரையைத் தாங்குவது புதிதாகவே இருக்கட்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

உளி:
சரி, அதை அவரே முடிவு செய்யட்டும். பின்கட்டு அவர்களே, கதவை முதலில் வாங்கிவிடுங்கள். நிலையை நேரில் அளந்த பிறகே சுவரில் இடம் விடுங்கள். செங்கலை எண்ணிக்கைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள்; உடைந்தவை அடித்தளத்தில் ஜல்லிக்குப் பயன்படும்.