தைப்பொங்கலைச் சனிக்கிழமைக்குத் தள்ளலாமா? உங்கள் வீட்டில் எப்படி?

கரும்புக்கட்டு (டொராண்டோ)

இந்த வருஷம் தை ஒண்ணு ஜனவரி 15, வியாழக்கிழமை. எனக்குக் காலை 7 மணி ஷிப்ட். வீட்டுக்காரருக்கு முந்தின நாள் இரவு வேலை, வந்து சேர எட்டரை ஆகிவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இங்கே அன்றைக்குச் சூரியன் உதிக்கவே ஏழே முக்கால் தாண்டும். யாரை வைத்துக்கொண்டு பொங்குவது? அதனால் ஒன்பது வருஷமாக, அடுத்து வரும் சனிக்கிழமைதான் எங்கள் வீட்டுப் பொங்கல். நாலு குடும்பம் சேரும். பெரிய பாத்திரம் ஏற்றுவோம். பால் பொங்கும்போது பிள்ளைகள் போடும் சத்தத்தில் வீடே அதிரும்.

இந்த முறை அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறார். காலண்டரைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை வைக்கிறது சர்க்கரைப் பொங்கல். அது தைப்பொங்கல் ஆகாது" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். தேதிக்காக ஆளில்லாத வீட்டில் தனியாக ஒரு குக்கரை ஏற்றி இறக்குவதில் எனக்குப் பண்டிகை தெரியவில்லை. எல்லோரும் இருக்கிற நாள்தான் பண்டிகை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், கேட்கத்தான் எழுதுகிறேன்.

வெண்கலப்பானை (நியூ ஜெர்சி)

தங்கச்சி, நான் உங்கள் அம்மா பக்கம்.

தீபாவளிப் பலகாரத்தை நாலு நாள் முன்னே சுடலாம், பின்னே சாப்பிடலாம். முறுக்குக்குத் தேதி கிடையாது. பொங்கல் அப்படியில்லை. அது சூரியனுக்கு வைக்கிற படையல். தை பிறக்கிற காலையில் வைப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர்.

இந்த ஊருக்கு வந்து 33 வருஷம் ஆகிறது. ஒரு வருஷம்கூடத் தேதி தவறியதில்லை. நாலரைக்கு எழுந்து, ஆறரைக்குள் பொங்கி, ஜன்னலோரம் இலை போட்டுப் படைத்துவிட்டு வேலைக்கு ஓடியிருக்கிறேன். பால் வழிந்து சுருள் அடுப்பில் கருகி, புகை அலாரம் அலறி, என் மனைவி துண்டால் விசிறிக்கொண்டு நின்ற வருஷமும் உண்டு. அன்றும் வைத்தோம்.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், தேதி நகர்ந்தால் அடுத்து என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவன். நெருங்கிய உறவுக்காரர் வீடு. முதலில் சனிக்கிழமை. அப்புறம் "சங்கத்தில்தான் விழா நடக்கிறதே" என்று அங்கே போனார்கள். இப்போது கேட்டரிங்காரர் அலுமினியத் தட்டில் கொண்டுவந்து வைப்பதை வரிசையில் நின்று வாங்குகிறார்கள். அந்த வீட்டில் பானை வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

கரும்புக்கட்டு (டொராண்டோ)

அண்ணா, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். ஜனவரியில் நியூ ஜெர்சியில் ஆறரைக்குச் சூரியன் வந்திருக்காதே. நீங்கள் இருட்டில் படைத்துவிட்டுப் போனது சரி என்றால், நான் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நல்ல வெயிலில், சூரியனைப் பார்த்தபடி படைப்பது எப்படித் தவறாகும்?

இன்னொன்று. 2016ல் கனடா நாடாளுமன்றம் ஜனவரி மாதத்தையே தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. மாதம் முழுக்க இங்கே பொங்கல் நடக்கிறது. யாரும் அதைப் போலி என்று சொல்வதில்லை.

வெண்கலப்பானை (நியூ ஜெர்சி)

எங்கள் ஊர்ப் பக்கமும் விடிவதற்கு முன்பே உலை ஏற்றிவிடுவார்கள். சூரியன் வரும்போது பானை பொங்கவேண்டும் என்று கணக்கு. நான் வேலைக்காக அந்தக் கணக்கைக் கொஞ்சம் முன்னே தள்ளினேன், அது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். நாளைத் தள்ளவில்லை.

மரபுத் திங்கள் நல்ல விஷயம், அதற்காகப் பாடுபட்டவர்களை வணங்குகிறேன். ஆனால் மாதம் முழுக்கப் பொங்கல் என்றால் பிள்ளைக்கு எந்த நாள் பொங்கல் என்று தெரியாமல் போய்விடும். என் பயம் அதுதான்.

மொட்டைமாடி (சிங்கப்பூர்)

இங்கே தீபாவளிக்குப் பொது விடுமுறை உண்டு, பொங்கலுக்குக் கிடையாது. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் கரும்பும் மஞ்சள் கொத்தும் மண்பானையும் குவிந்திருக்கும், ஆனால் காலையில் எல்லோரும் எம்ஆர்டி ரயில் பிடித்து வேலைக்குத்தான் போகவேண்டும். நாங்கள் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிடுவோம். ஒரு வருஷத்தில் ஒரு அரை நாள். அக்கா, உங்களால் ஷிப்ட் மாற்ற முடியாதா?

கரும்புக்கட்டு (டொராண்டோ)

முயற்சி செய்யாமல் இங்கே வந்து எழுதவில்லை, தம்பி. டிசம்பர் 25 வேலை செய்கிறேன், பதிலுக்கு ஜனவரி 15 கொடுங்கள் என்று செப்டம்பரிலேயே கேட்டேன். லீவு மூப்புப்படிதான் பிரிக்கிறார்கள், என் முறை வருவதற்குள் அந்த வாரம் நிரம்பிவிட்டது. கிறிஸ்துமஸ் வேலையும் செய்தேன்.

வடக்குவெளிச்சம் (துரொம்சோ)

வணக்கம். நான் நோர்வேயின்ர வடக்கில இருக்கிறன். உங்கட விவாதத்தை ரெண்டு நாளா வாசிச்சுக்கொண்டு இருந்தனான், எங்கட கதையையும் சொல்லுவம் எண்டு வந்தனான்.

இஞ்ச நவம்பர் 27 அளவில சூரியன் மறைஞ்சால் பிறகு ஜனவரி 15 அளவிலதான் அடிவானத்துக்கு மேல வரும். சரியாத் தைப்பொங்கல் நேரம். ஆனா சுத்திவர மலை. ஊர்ச்சனம் சூரியனைக் கண்ணால காணுறது 21ஆம் திகதி. அதுக்குச் 'சூல்டாகன்' எண்டு பேர், சூரிய நாள். அண்டைக்குப் பேக்கரியளில 'சூல்பொல்லர்' எண்டு ஜாம் வைச்ச இனிப்புப் பணிஸ் விப்பினம். நோர்வேக்காரர் வரிசையில நிண்டு வாங்கித் தின்னுவினம். சூரியன் வந்ததுக்கு இனிப்பு. முதல்தரம் அதைக் கண்டபோது எனக்கு மேல் சிலிர்த்தது.

நான் 80களின்ர கடைசியில நோர்வேயின்ர வடகோடியில இருக்கிற பின்மார்க்குக்கு மீன் பதனிடுற வேலைக்கு வந்தனான். அந்த நேரம் எங்கட ஆக்கள் கனபேருக்கு அங்க அந்த வேலைதான். முதல் பொங்கல், ஆறு பெடியள் ஒரு அறைக்குள்ள. பயறு இல்லை, கஜு இல்லை, சர்க்கரை இல்லை. அரிசி, பால், சீனி, முந்திரிகை வத்தல், அவ்வளவுதான். திகதி பாத்துச் சரியா வைச்சம். பொங்கி முடிய இலைக்குப் பதிலாத் தட்டில போட்டு யன்னலடிக்குக் கொண்டுபோனால் வெளியில கும்மிருட்டு. ஒருத்தன் "ஆருக்கடா படைக்கிறம்?" எண்டு கேட்டுப்போட்டு வாய்விட்டு அழுதவன். பிறகு ஒருத்தரும் கதைக்கேல்லை.

கலியாணம் கட்டித் துரொம்சோவுக்கு வந்தாப் பிறகு மனிசிதான் சொன்னவ, சூரியன் வாற நாளில படைப்பம் எண்டு. அண்டையில இருந்து எங்களுக்கு 21ஆம் திகதிதான். மத்தியானம் அளவில மலையிடுக்கால கொஞ்ச நேரம்தான் வரும், அந்த நேரத்துக்குப் பானை பொங்கவேணும். இண்டைக்கும் அப்பிடித்தான். முகில் மூடினாலும் 21தான்.

கரும்புக்கட்டு (டொராண்டோ)

துரொம்சோ அண்ணா, இதை வாசித்துவிட்டு அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். நீங்களும் நாளை மாற்றியவர்தானே. அப்படியானால் என் சனிக்கிழமையும் நியாயம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வெண்கலப்பானை (நியூ ஜெர்சி)

இல்லை தங்கச்சி. அவர் நாளை மாற்றவில்லை, சூரியனைப் பின்தொடர்ந்து போயிருக்கிறார். அவருடைய 21ஐ என் தலைமேல் வைத்துக்கொள்கிறேன். அந்த ஊரில் சூரியன் சொன்ன தேதி அது. டொராண்டோவில் 15ஆம் தேதியே சூரியன் வருகிறது. உங்கள் சனிக்கிழமையைத் தீர்மானித்தது ஷிப்ட் அட்டவணை. இரண்டும் ஒன்றாகாது.

வடக்குவெளிச்சம் (துரொம்சோ)

பெரியவர் சொல்லுறது விளங்குது. ஆனா தங்கச்சி வேலைக்குப் போகாட்டி ஆர் சோறு போடுறது? மீன் ஃபாக்டரியில எனக்கும் லீவு தரேல்லை. பின்னேரம் வந்துதான் வைச்சனாங்கள். ஆளைக் குற்றம் சொல்லாதேங்கோ.

மஞ்சள்கொத்து (மெல்பர்ன்)

எனக்கு 26 வயது, இங்கேயே பிறந்தவள். என் தமிழ் எழுத்தில் தவறு இருந்தால் மன்னியுங்கள்.

இங்கே பொங்கல் கோடையில் வரும். நாற்பது டிகிரி வெயில் அடித்து முழுத் தீத்தடை அறிவித்துவிட்டால் வெளியே விறகோ கரியோ பற்றவைக்கக் கூடாது. அதனால் எப்போதும் வீட்டுக்குள் கேஸ் அடுப்புதான். அம்மா தேதி தவறவே மாட்டார். விடியற்காலையில் தனியாகச் செய்துவிட்டு, மேசைமேல் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவார். நான் எழுந்து சாப்பிட்டுவிட்டு, விடுமுறைதானே, கடலுக்குப் போவேன்.

போன வருஷம் என் வீட்டில் முதல்முறை நானே வைத்தேன். அரிசி முக்கால் வெந்ததும் வெல்லத்தைப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கொதித்தும் அரிசி மசியவே இல்லை. இனிப்பு சேர்ந்துவிட்டால் அரிசி மேற்கொண்டு வேகாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் ஒருநாளும் நின்றதில்லை. இருபத்தைந்து வருஷம் சரியான தேதியில் பொங்கல் சாப்பிட்டவளுக்குப் பொங்கல் வைக்கத் தெரியவில்லை.

இரண்டு பேரிடமும் கேட்கிறேன். பால் பொங்கும்போது உங்கள் வீட்டில் கரண்டி யார் கையில் இருக்கும்?

வெண்கலப்பானை (நியூ ஜெர்சி)

இந்தக் கேள்விக்கு ஒரு நாள் கழித்துத்தான் பதில் எழுத முடிந்தது.

என் கையில், அல்லது என் மனைவி கையில். பிள்ளைகள் தூங்கட்டும், பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். படைத்தபின் எழுப்பி நெற்றியில் விபூதி வைத்து ஒரு வாய் ஊட்டுவோம். இன்று மகள் தை ஒண்ணு காலையில் போன் செய்து அளவு கேட்கிறாள். மகன் வைப்பதில்லை.

தேதி விஷயத்தில் நான் சொன்னதிலிருந்து மாறவில்லை. ஆனால் அவர்களை எழுப்பியிருக்கவேண்டும்.

அடுப்படி (எட்மன்டன்)

நடைமுறை விஷயம் ஒன்று. கரும்புக்கட்டு அக்கா அந்தச் சனிக்கிழமை வெளியில் வைப்பதாக இருந்தால் கவனிக்கவேண்டியது. சின்ன கேன் போடும் கையடக்க அடுப்பில் பெரும்பாலும் பியூட்டேன் இருக்கும். உறைநிலைக்குக் கீழே போனால் அது ஆவியாகாது, தீ எழும்பாது. முதல் வருஷம் மைனஸ் 20ல் அரை மணி நேரம் பற்றவைத்துப் பார்த்து ஏமாந்தோம். புரோப்பேன் வாங்குங்கள், அது மைனஸ் 42 வரை ஆவியாகும். குளிர் தாங்காமல் அடுப்பைக் கராஜுக்குள் மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள். கதவு பாதி திறந்திருந்தாலும் வேண்டாம். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

வீட்டுக்குள் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் வெண்கலம், பித்தளை, மண்பானை எதுவும் அதில் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் வேண்டும்.

கோலத்துக்கு நாங்கள் மஞ்சள்தூளும் குங்குமமும்தான் எடுக்கிறோம். பனிமேல் அரிசிமாவு தெரியாது. வெள்ளைப் பனியில் மஞ்சள் கோலம் அவ்வளவு அழகு.

கரும்புக்கட்டு (டொராண்டோ)

எங்கள் வீட்டிலும் இண்டக்‌ஷன்தான். அம்மா ஊரிலிருந்து சுமந்துகொண்டு வந்த வெண்கலப் பானை அதில் சூடாகவில்லை என்று பார்த்த அன்றுதான் அவருக்கு முகம் வாடியது. இப்போது யோசித்தால் அந்தச் சனிக்கிழமைப் பேச்சே அதற்கு மறுநாள்தான் வந்தது.

கரும்புக்கட்டு (டொராண்டோ)

இன்று வியாழக்கிழமை. இடைவேளையில் இருந்து எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி மஞ்சள்கொத்தின் கேள்வியை அம்மாவிடம் சொன்னேன். "நீ வேலைக்குப் போ. பெரியவளை எழுப்பி விட்டுட்டுப் போ" என்றார். அம்மாவுக்கு அந்த அடுப்பை இயக்கத் தெரியாது, என் மகளுக்குப் பொங்கல் வைக்கத் தெரியாது. பதினோரு வயது. இவள் அடுப்பின் பொத்தானை அழுத்த, அவர் சொல்லச் சொல்ல, எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்திருக்கிறார்கள். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரையும் பாலையும் விளிம்பு வரை ஊற்றச் சொன்னாராம், அப்படி ஊற்றினால்தான் நுரைத்துப் பொங்குமாம். ஒன்பது வருஷமாக நான் வெறும் பாலில்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

7.52க்குப் பொங்கியது. வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். பால் கண்ணாடி அடுப்பெல்லாம் வழிகிறது, யாரும் துடைக்கவில்லை. கரண்டி அவள் கையில். பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிஷம் தாமதம்.

சனிக்கிழமையும் வைக்கிறோம், வெளியில், அந்த வெண்கலப் பானையில், புரோப்பேன் அடுப்பில். அண்ணா, எல்லோரும் கூடுகிற நாள்தான் பண்டிகை என்று நான் இன்னும் நம்புகிறேன். ஏப்ரலில் அம்மா ஊருக்குத் திரும்பிவிடுவார். அடுத்த தை ஒண்ணு என்ன செய்வேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

வெண்கலப்பானை (நியூ ஜெர்சி)

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். அம்மாவுக்கு என் வணக்கம். அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பேசுவோம், நான் விடப்போவதில்லை.

மஞ்சள்கொத்து (மெல்பர்ன்)

அக்கா, பாப்பா போட்ட அளவை அப்படியே எழுதுங்கள். நான் இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வைத்துப் பார்க்கிறேன்.

கரும்புக்கட்டு (டொராண்டோ)

அவளையே கேட்டு எழுதுகிறேன். பச்சரிசி ஒரு டம்ளர். வறுத்த பாசிப்பருப்பு கால் டம்ளர். களைந்த தண்ணீர் மூன்று டம்ளர், பால் இரண்டு. பொங்கி வழிந்த பிறகுதான் அரிசியும் பருப்பும். ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினால் நடுவில் கட்டியில்லாமல் மசியவேண்டும், அதுவரை வெல்லத்தைத் தொடக்கூடாது என்று பாட்டி கையைப் பிடித்துக்கொண்டாராம். அதன் பிறகு, தனியே கரைத்து வடிகட்டிய வெல்லம் ஒன்றரை டம்ளர். நெய், முந்திரி, திராட்சை, நாலு ஏலக்காய். எவ்வளவு நெய் என்று கேட்டால் பாட்டி சொல்லவில்லை என்கிறாள், சாயங்காலம் கேட்டுச் சொல்கிறேன்.