பெற்றோருக்கு கம்பெனி மெடிக்ளெய்ம் எடுப்பவன் ஏமாளியாம்!

துரைப்பாக்கம் சேகர்:
எங்கள் ஆபீஸில் இந்த வாரம் என்ரோல்மென்ட் விண்டோ, அதாவது கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்கும் காலம், திறந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மூடிவிடுவார்கள். விட்டால் அடுத்த வருடம்தான். இந்த நேரம் பார்த்து டீம் வாட்ஸப் குழுவில் ஒரு மகான் கட்டுரை போட்டிருக்கிறார்: "பெற்றோருக்கு கம்பெனி பாலிசியில் பணம் கட்டுகிறவன் ஏமாளி. ரூம் ரென்ட் லிமிட்டை (மருத்துவமனை அறை வாடகைக்கு வைக்கும் உச்சவரம்பு) காட்டியே பாதி பில்லை வெட்டிவிடுவான். வெளியில் தனியாக எடுங்கள்." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை, ஸ்டென்ட் வைத்தவர். வெளியில் எவன் அவருக்கு முதல் நாளிலிருந்து கவர் கொடுப்பான்? ஏற்கனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்க விதியே அனுமதிக்கிறது. கம்பெனி எங்கள் எல்லோருக்கும் சேர்த்து எடுக்கும் குரூப் பாலிசியில் அந்தத் தொல்லை இல்லை, முதல் நாளே கவர். அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து 3 லட்சம், சம்பளத்தில் 28,000 பிடிக்கிறார்கள், கோ-பே, அதாவது பில்லில் நம் கையிலிருந்து போகும் பங்கு, 20 சதவீதம். மகாராஜனாகப் பிடிக்கட்டும். இதில் நான் எங்கே ஏமாந்தேன்?

வேளச்சேரி வாசு:
கவர், கோ-பே, பிடித்தம் எல்லாம் சொன்னீர்கள். ரூம் ரென்ட் லிமிட் எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லையே? தற்செயலா?

துரைப்பாக்கம் சேகர்:
கவர் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. மேலே போனால் அந்த வித்தியாசத்தை நான் கட்டிவிட்டுப் போகிறேன். ஐந்து நாள் படுத்தால் என்ன, ஒரு பத்து பதினைந்தாயிரம் ஆகுமா?

வேளச்சேரி வாசு:
வித்தியாசமா! உங்களை மாதிரி ஆட்களை நம்பித்தான் ஹெச்.ஆர். இந்த பாலிசியை விற்கிறார்கள். 3,000 லிமிட் வைத்துக்கொண்டு 6,000 ரூபாய் ரூமில் படுத்தால் மொத்த பில்லையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். 2 லட்சம் பில் என்றால் 1 லட்சம்தான். பாதி. சென்னையில் பெரிய மருத்துவமனை எதில் 3,000க்கு தனி ரூம் கொடுக்கிறான் என்று ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

துரைப்பாக்கம் சேகர்:
ஷேரிங் ரூம் எடுத்தால் போச்சு. உங்கள் வீட்டு ராஜகுமாரர்களுக்குத் தனி ரூம் வேண்டுமானால் நீங்கள் கட்டுங்கள். அப்படியே தனி ரூம் எடுத்தாலும் வித்தியாசம் மட்டும்தான். எங்கள் ஹெச்.ஆர். கூட்டத்தில் நானே கேட்டேன்.

வேளச்சேரி வாசு:
ஹெச்.ஆர். சொன்னாராம்! டிஸ்சார்ஜ் அன்று மாலை கவுன்டரில் உங்களோடு ஹெச்.ஆரா வந்து நிற்கப் போகிறார்? பாதி போகும் சார். பாதி.

கணக்கர் கோபி:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். பாதியும் இல்லை, வெறும் வித்தியாசமும் இல்லை. விகித வெட்டு எதில் பொருந்தும், எதில் பொருந்தாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020லேயே வரையறுத்துவிட்டது. மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் (கையுறை, பஞ்சு மாதிரி), இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்துவது), ஸ்கேன், ரத்தப் பரிசோதனை இவற்றில் வெட்டக் கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்திலும் கூடாது. ரூமைப் பொறுத்துக் கட்டணம் மாறாத மருத்துவமனை என்றால் விகித வெட்டே கிடையாது.

வாசு சொன்ன 2 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். ரூம் ஐந்து நாளுக்கு 30,000, டாக்டர், தியேட்டர், நர்சிங் 90,000, மருந்து வகை 50,000, டெஸ்ட் 30,000 என்று வையுங்கள். முதல் இரண்டில்தான் பாதி வெட்டு: 15,000மும் 45,000மும், ஆக 60,000. மீதி 1,40,000. அதில் 20 சதவீதம் கோ-பே 28,000 போனால் கைக்கு வருவது 1,12,000. உங்கள் பாலிசி ஆவணத்தில் 'அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்' என்று, விகித வெட்டு பொருந்தும் செலவுகளுக்கு ஒரு வரையறை இருக்கும். அதைப் படித்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

வேளச்சேரி வாசு:
பார்த்தீர்களா, 2 லட்சத்துக்கு 1,12,000. நான் சொன்ன பாதிதான் வந்திருக்கிறது. நன்றி கோபி சார்.

துரைப்பாக்கம் சேகர்:
கோ-பேயைக் கழித்த பிறகு வந்த தொகையை ரூம் ரென்ட் தலையில் கட்டுவது எந்த ஊர் கணக்கு? அதோடு, ஸ்டென்ட் என்பது இம்ப்ளான்ட்தான், இம்ப்ளான்டில் கை வைக்க முடியாது என்று கோபியே சொல்லிவிட்டார். அப்பாவுக்கு மறுபடி ஸ்டென்ட் வைத்தால் பில்லில் பெரிய பங்கு அதுவும் மருந்தும்தான். ஆக, நான் சொன்ன மாதிரி ரூம் வித்தியாசம் மட்டும்.

கணக்கர் கோபி:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. தியேட்டர் சார்ஜ், டாக்டர் ஃபீஸ் எல்லாம் எங்கே போயிற்று?

மேகலா:
இந்த ரூம் ரென்ட் புராணத்தை நிறுத்திவிட்டு எனக்கு யாராவது பதில் சொல்வீர்களா? எங்கள் போர்ட்டலில் 'பெற்றோர்' அல்லது 'மாமனார் மாமியார்', இரண்டில் ஒரு ஜோடியைத்தான் டிக் செய்ய முடியும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று கலக்க முடியாது. என் வீட்டுக்காரர் கடை வைத்திருக்கிறார், அவருக்கு குரூப் பாலிசி இல்லை. என் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். மாமியாருக்கு பி.பி. மட்டும். வீட்டில் மூன்று நாளாக யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மதுரைப் பாண்டி:
மாமியாரைப் போட்டுவிடுங்கள் மேடம். குடும்ப அமைதி முக்கியம்.

மேகலா:
முழங்காலுக்கு மூன்றரை லட்சம் நீங்கள் கொடுக்கிறீர்களா, அண்ணா? பிரீமியம் பிடிப்பது என் சம்பளத்தில். உங்கள் வீட்டில் உங்கள் மாமனாரைப் போட்டிருக்கிறீர்களா? அதை முதலில் சொல்லுங்கள்.

மதுரைப் பாண்டி:
நான் அரசு ஊழியர் மேடம். எங்களுக்கு இந்த விண்டோ, போர்ட்டல் எதுவும் கிடையாது. மாதம் 300 பிடிப்பார்கள், 5 லட்சம் கவர். ரூமுக்காக யாரும் இப்படி அடித்துக்கொள்வதில்லை.

வேளச்சேரி வாசு:
கல்யாணம் ஆன அரசு ஊழியரின் அப்பா அம்மாவுக்கு அந்த 300 ரூபாய் திட்டத்தில் இடம் உண்டா பாண்டி? இல்லை. தலைப்பே பெற்றோரைப் பற்றியது. இங்கே உங்களுக்கு என்ன வேலை?

மதுரைப் பாண்டி:
பொதுத் தளத்தில் பேச உங்களிடம் பாஸ் வாங்க வேண்டுமா? போன வருடம் டெர்ம் இன்ஷூரன்ஸ் விவாதத்திலும் என்னை இப்படித்தான் விரட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

கணக்கர் கோபி:
மேகலா, முழங்கால் மாற்று சிகிச்சைக்கு வெளிப் பாலிசிகளில் பெரும்பாலும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். குரூப்பில் அது இல்லை என்றால் அம்மாவை அதில் போடுவதுதான் புத்திசாலித்தனம். பி.பி. மட்டும் உள்ள மாமியாருக்கு வெளியில் பாலிசி கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் முழங்காலுக்கு என்று தனி உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். பல குரூப் பாலிசிகளில் வைக்கிறார்கள். வரி விஷயத்திலும் ஒன்று: மாமனார் மாமியாருக்குக் கட்டும் பிரீமியத்துக்கு 80டி என்ற வருமான வரிக் கழிவு கிடையாது. சொந்தப் பெற்றோருக்கு உண்டு, மூத்த குடிமக்கள் என்றால் 50,000 வரை.

துரைப்பாக்கம் சேகர்:
80டி எல்லாம் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. இப்போது முக்கால்வாசிப் பேர் புதிய முறைக்குப் போயாயிற்று. அங்கே அந்தக் கழிவே இல்லை. இதையெல்லாம் சொல்லிக் குழப்பாதீர்கள்.

கணக்கர் கோபி:
குழப்புவது நானா?

வேளச்சேரி வாசு:
வரி என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. பூஜ்யம். குரூப்புக்கு இன்னமும் 18 சதவீதம். சேகர் கட்டும் 28,000 வரியோடு சேர்த்து என்றால் அதில் ஏறக்குறைய 4,270 ரூபாய் ஜி.எஸ்.டி. மட்டும். வரியையும் கட்டிவிட்டு, படுத்தால் பாதி பில்லையும் கட்டப் போகிறார். ஏமாளி என்று சொன்னால் கோபம் வேறு வருகிறது.

துரைப்பாக்கம் சேகர்:
பாதி இல்லை! எத்தனை தடவை சொல்வது? வெளியில் அப்பாவுக்கு மட்டும் கேட்டுப் பார்த்தேன். சர்க்கரை, ஸ்டென்ட் என்றதும் ஒருவர் போனையே வைத்துவிட்டார். இன்னொருவர் என் 28,000ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் சொல்லி, இதய நோய்க்கு மூன்று வருடம் பொறுங்கள் என்றார். அதில் ஜி.எஸ்.டி. பூஜ்யம் ஆகி எனக்கு என்ன? போகட்டும், ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாரோ இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று போன வருடம் இதே இடத்தில் பேச்சு அடிபட்டதே?

வேளச்சேரி வாசு:
என் மனைவி ஏஜென்ட். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அதனால்தான் எனக்கு விஷயம் தெரிகிறது. உங்களுக்குத் தெரியவில்லை.

மதுரைப் பாண்டி:
ஓஹோ. இப்போது புரிகிறது கமிஷன் கதை.

வேளச்சேரி வாசு:
பாண்டி, நீங்கள் 300 ரூபாயைப் பார்த்துக்கொள்ளுங்கள். சேகர், கமிஷனைப் பற்றிப் பேசுமுன் இதைக் கேளுங்கள். மூன்று வருடம் முன்பு என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். கடைசி வேலை நாளோடு குரூப் பாலிசியும் போயிற்று. அம்மாவுக்கு அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன் தேதி வாங்கியிருந்தோம். முழுப் பணமும் கையிலிருந்து. உங்கள் கம்பெனி உங்களை அறுபது வயது வரை மடியில் வைத்துத் தாலாட்டுமா? இந்தத் துறையில் நாற்பத்தைந்தைத் தாண்டியவர் எத்தனை பேர் உங்கள் மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள், எண்ணிப் பாருங்கள். அன்று அப்பாவுக்கு 72 ஆகியிருக்கும். அப்போது போய் புதிதாக மூன்று வருடம் காத்திருப்பீர்களா?

கணக்கர் கோபி:
இது நியாயமான வாதம். ஆனால் வேலையை விடும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாற வழி இருக்கிறது. குரூப்பில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். அவர்கள் உடல்நிலையைப் பரிசீலித்துத்தான் ஏற்பார்கள், அதனால் உத்தரவாதம் இல்லை. ஆனாலும் கேட்காமல் விடக் கூடாது. வாசு, நீங்கள் அன்று கேட்டீர்களா?

துரைப்பாக்கம் சேகர்:
72 ஆனால் என்ன? 70 தாண்டிய எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டை கொண்டுவந்துவிட்டதே.

வேளச்சேரி வாசு:
அந்த அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் அப்பா வழக்கமாகப் பார்க்கும் இதய மருத்துவரிடம் போய்ப் பாருங்கள். அந்த மருத்துவமனை பட்டியலில் இருந்தால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.

மேகலா:
உங்கள் மீசை இருக்கட்டும். என் விண்டோ நாளை மூடுகிறது. எங்கள் பாலிசியில் முழங்கால் ஆபரேஷனுக்கு ஒரு காலுக்கு ஒன்றரை லட்சம்தான் என்று போட்டிருக்கிறது. கோபி சார் சொன்ன பிறகுதான் பார்த்தேன். இதில் ரூம் ரென்ட் வெட்டு வந்தால் ஒன்றரை லட்சத்தில் வெட்டுவார்களா, முழு பில்லில் வெட்டிவிட்டு அப்புறம் ஒன்றரை லட்சமா?

வேளச்சேரி வாசு:
எப்படி வெட்டினாலும் பாதிதான் மேடம்.

துரைப்பாக்கம் சேகர்:
வித்தியாசம் மட்டும்தான் மேடம். பயப்படாதீர்கள்.

கணக்கர் கோபி:
எந்த வரிசையில் கழிப்பார்கள் என்பதை டி.பி.ஏ.விடம், அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்மைக் கையாளும் நிறுவனத்திடம், மெயிலில் எழுதிக் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். இந்த இருவரையும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

துரைப்பாக்கம் சேகர்:
என்னை ஏன் வாசுவோடு சேர்க்கிறீர்கள்? நான் பாலிசி வைத்திருப்பவன். அவர் பாலிசி விற்கிறவரின் வீட்டுக்காரர்.

வேளச்சேரி வாசு:
வைத்திருப்பவர் என்றால் அந்த ரூம் ரென்ட் ஷரத்து இருக்கும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்கே போடுங்கள். 'வித்தியாசம் மட்டும்' என்று அதில் எழுதியிருந்தால் நான் இந்தத் தளத்தை விட்டே போகிறேன்.

துரைப்பாக்கம் சேகர்:
கம்பெனி ஆவணத்தைப் பொதுவில் போட்டு நான் வேலையை இழக்க வேண்டுமா? நீங்கள் போடுங்கள், உங்கள் மனைவி விற்கும் பாலிசியில் ரூம் லிமிட்டே இல்லை என்ற பக்கத்தை.

வேளச்சேரி வாசு:
அதில் 'சிங்கிள் பிரைவேட் ரூம்' என்று இருக்கும். ரூபாய்க் கணக்கே கிடையாது. நான் ஏன் போட வேண்டும்? ஆரம்பித்தது நீங்கள்.

மதுரைப் பாண்டி:
ஆக அதிலும் லிமிட் இருக்கிறது! சூட் ரூம் எடுத்தால் அங்கேயும் பாதியா வாசு சார்?

வேளச்சேரி வாசு:
பாண்டி, உங்களுக்குப் பதில் சொல்வதை நான் போன வருடமே நிறுத்திவிட்டேன். சேகர், பக்கம் எங்கே?

துரைப்பாக்கம் சேகர்:
நீங்கள் முதலில்.