மறுமொழி: ‘அகாடமிக் ஆக்சஸ்’ தமிழில் எப்படி?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம். ‘அகாடமிக் ஆக்சஸ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்.

> ‘கல்விசார் அணுகல்’ என்றே விட்டுவிடலாமே. இதற்கு இத்தனை மடல் வேண்டுமா?

வேண்டும், ஐயா. தருமபுரிப் பக்கம் தமிழ்வழியில் பி.காம். படிக்கும் பிள்ளைகள் பேரேடு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் பள்ளியிலேயே தமிழில் படித்துவிட்டு வருகிறவர்கள். அவர்களிடம் ‘கல்விசார் அணுகல்’ என்றேன். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவதா சார் என்று ஒரு மாணவி கேட்டார். அந்தச் சொல்லை அவர் கேட்டிருப்பது அந்த இடத்தில்தான், அவரைக் குறை சொல்ல முடியாது.

முதலில் பெயர் வைக்கப்போகும் பொருளைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் கணக்கியல் தரநிலைகளை வகுப்பது எஃப்.ஏ.எஸ்.பி. என்ற வாரியம். அதுவரை பல ஏடுகளில் சிதறிக்கிடந்த விதிகளைத் தலைப்புவாரியாக அடுக்கி, 2009 ஜூலையில் ஒரே இணையத் தொகுப்பாக்கினார்கள். அப்போது பேஸிக் வியூ என்ற சாதாரணப் பார்வை எல்லோருக்கும் இலவசமாக இருந்தது. தேடல், அச்செடுப்பு முதலிய வசதிகளோடு கூடிய ப்ரொஃபஷனல் வியூ காசுக்குத்தான் கிடைத்தது. கல்லூரிகளால் அந்த விலை கொடுக்க முடியாதே என்று, அமெரிக்கக் கணக்கியல் சங்கத்தின் வழியாக ஒரு ஏற்பாடு வந்தது. கல்லூரியின் கணக்கியல் துறை ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டியது. அந்தத் துறையின் ஆசிரியர்களும் மாணவர்களும் துறைக்குக் கிடைத்த கடவுச்சொல்லை வைத்து முழுப் பார்வைக்குள் போனார்கள். இந்த ஏற்பாட்டுக்குத்தான் ‘அகாடமிக் ஆக்சஸ்’ என்று பெயர். 2023-இல் வசதிகள் கூடிய பதிப்பையே எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள், அது வேறு கதை. வேறு கதை என்பதால்தான் அதற்கு வேறு சொல்லும் வேண்டும் என்கிறேன்.

சேலத்து நண்பர் முன்வைத்த ‘படிப்புரிமை’ எனக்கும் முதலில் பிடித்துப்போனது. படிப்பு என்றால் வாசிப்பும்தான், கல்வியும்தான், இரண்டும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ஆனால் இந்த விஷயத்தை எழுதும்போது ‘பதிப்புரிமை’யும் அதே பத்தியில் வந்தே தீரும். ‘பதிப்புரிமை வைத்திருப்பவர் படிப்புரிமை வழங்குகிறார்’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். மெய்ப்புத் திருத்துகிறவர் ஒன்றை மற்றதாக மாற்றிவிடுவார், கைப்பேசியும் மாற்றிவிடும். அதைவிட, உரிமை என்பது துறை பணம் கட்டத் தவறினால் போய்விடுகிற ஒன்றா? இந்த ஏற்பாடு போய்விடும்.

‘கல்வி அனுமதி’ வேண்டாம். கல்லூரி வளாகத்தில் அனுமதி என்றாலே அட்மிஷன்.

> மூலத்தைப் பிள்ளைகள் படித்து என்ன ஆகப்போகிறது? கைடு போதாதா?

கிருஷ்ணகிரி நண்பரே, தரநிலையின் மூல வாசகத்தையே ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு உங்கள் ஊர் மாந்தோப்பையே எடுத்துக்கொள்வோம். தோத்தாபுரித் தோப்பைச் சொந்தமாக வைத்திருக்கும் ஒரு மாங்கூழ் கம்பெனி, இந்திய கணக்கியல் தரநிலைகளுக்குள், அதாவது இண்ட் ஏ.எஸ்.-க்குள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். (தோப்பு வைத்திருக்கும் தனி விவசாயிக்கு இது பொருந்தாது.) மரம் தரநிலை 16-க்குள் போகும், இயந்திரம்போல அதற்குத் தேய்மானம் உண்டு. அந்த மரத்தில் தொங்கும் காய் தரநிலை 41-க்குள் வரும். அதை நியாய மதிப்பில், அதாவது அன்றைக்குச் சந்தையில் விற்றால் கிடைக்கும் விலையில், விற்கும் செலவைக் கழித்துக் காட்ட வேண்டும். பறித்து ஆலைக்குள் கொண்டுபோனதும் அது சரக்கிருப்பு, தரநிலை 2. காம்பு அறுகிற இடத்தில் கணக்கு மாறுகிறது. கைடில் ‘மாமரம் நிலைச்சொத்து’ என்று ஒரே வரியோடு முடித்துவிடுவார்கள்.

மூலத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. மரத்தையே விளைபொருளாக விற்கும் வாய்ப்பு மிக அரிதாக இருந்தால்தான் அது தரநிலை 16-க்குப் போகும். வயதான மரத்தை வெட்டி விறகுக்குப் போடுவது பரவாயில்லை, அதை மூலமே விலக்கிச் சொல்கிறது. காயும் வேண்டும், பிறகு மரமாகவும் விற்கலாம் என்று நட்ட தோப்பென்றால் விடை மாறிவிடும். இதெல்லாம் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் வகுப்பில் சண்டை சூடு பிடிக்கிறது. அப்புறம், இண்ட் ஏ.எஸ். வரம்புக்குள் வராத கம்பெனிக்கு ஏ.எஸ். என்ற இன்னொரு இந்தியத் தரநிலை வரிசையில் ஏ.எஸ். 10 இருக்கிறது. அதிலும் இத்தகைய மரங்கள் உண்டு, ஆனால் காய்க்கென்று தனித் தரநிலை அங்கே கிடையாது.

நம் நாட்டில் இவற்றைப் படிக்க யாரும் காசு கேட்பதில்லை. இண்ட் ஏ.எஸ். 2015-இல் மத்திய அரசின் விதிகளாக அரசிதழில் வந்தது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தளத்திலும் கிடைக்கிறது. அரசிதழில் வந்ததை மறுபடி வெளியிடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே இடம் தருகிறது. பன்னாட்டுக் கணக்கியல் தரநிலைகளை வெளியிடும், லண்டனில் இருக்கும் ஐ.எஃப்.ஆர்.எஸ். அறக்கட்டளையின் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டால் விதிகளைப் படிக்கலாம், குறுக்குக் குறிப்புகளோடு கூடிய பதிப்புக்குச் சந்தா. தமிழ்வழி மாணவருக்கு இங்கே தடையாக நிற்பது ஆங்கிலம். அதற்குக் கலைச்சொல் மட்டும் போதாது, யாராவது உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். நம் குழுவில் அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் எல்லோரும் அமைதியாகிவிடுகிறோம்.

சரி, என் பரிந்துரை. துறை பணம் கட்டி, ஆசிரியரும் மாணவரும் முழுமையாகப் படிக்கும் ஏற்பாடு ‘கல்விச் சந்தா’. யாரும் பணம் கட்டாமல் எவரும் படிக்கலாம் என்பது ‘பொது வாசிப்பு’. இரண்டையும் ‘அணுகல்’ என்ற ஒரே சாக்குக்குள் திணித்ததால்தான் இந்த இழை இத்தனை நீண்டது.

சந்தா தமிழா என்று கேட்பீர்கள். பிறப்பால் இல்லை. ஆனால் ஆயுள் சந்தா, ஆண்டுச் சந்தா என்று நம் சிற்றிதழ்கள் அச்சிட்டு அச்சிட்டு அது ஊர்ச்சொல்லாகிவிட்டது. கட்டினால் வரும், நிறுத்தினால் நிற்கும், புதுப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அதைக் கேட்டதும் புரிகிறது. தூய சொல்தான் வேண்டும் என்கிறவர்கள் இந்த மூன்றும் புரிகிற மாதிரி ஒன்று கொடுங்கள், மாற்றிக்கொள்வோம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘துறை கல்விச் சந்தாவைப் புதுப்பிக்காததால் இந்தப் பருவத்தில் மாணவர்கள் பொது வாசிப்பிலேயே பார்த்துக்கொண்டார்கள்.’ வகுப்பில் சொன்னபோது யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

‘ஸ்டாண்டர்ட்’ என்பதற்கு எந்தச் சொல் என்று இலங்கை நண்பர் கேட்ட ‘நியமம்’ எதிர் ‘தரநிலை’ வழக்கைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். அங்கே வழக்கில் ஊன்றிய சொல்லை நாம் இங்கிருந்து அசைப்பது நியாயமில்லை என்பது மட்டும் என் கட்சி.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து ஒரு வணிகவியல் ஆசிரியர்