கலைச்சொல் வேண்டும்: 'டோர் சூப்பர்வைசர்'

பாளையங்கோட்டை மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம்.

இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் நம் பக்கத்துப் பிள்ளைகளில் சிலர், வார இறுதி இரவுகளில் மதுக்கூடங்களிலும் நடனக்கூடங்களிலும் வாசலில் நிற்கும் வேலையைப் பார்க்கிறார்கள். அந்த வேலையின் கடமைகளையும் பொறுப்புகளையும் விளக்கும் கையேடு ஒன்றை அவர்களுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதவியின் பெயர் டோர் சூப்பர்வைசர். தமிழில் என்ன சொல்லலாம்?

சொல்லுக்குச் சொல் வைத்தால் 'கதவு மேற்பார்வையாளர்' வரும். தச்சுப் பட்டறையில் நிலையும் கதவும் சரியாகப் பொருந்தினவா என்று பார்ப்பவர் போல இருக்கிறது. 'மேற்பார்வையாளர்' என்பதும் இடறுகிறது. நம் ஊரில் மதுவோடு சேர்த்து அந்தச் சொல்லைக் கேட்டால் டாஸ்மாக் கடையின் மேற்பார்வையாளர்தான் நினைவுக்கு வருவார். அது வேறு பணியிடம். அவருக்குக் கீழே விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என்று இருப்பார்கள். நாளிதழ்களோ 'பவுன்சர்' என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றன. தலைவர்களைச் சுற்றி வளையம் போட்டு வருகிறவர்களுக்கும் அதே பெயர்தான்.

தென்காசி தமிழாசிரியர்:

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? 'வாயிற்காவலர்' என்று எழுதுங்கள். சங்கப் பாடலிலும் சிலம்பிலும் 'வாயிலோன்' இருக்கிறான். ஔவையாரும் கண்ணகியும் கூப்பிட்டு நிறுத்திய ஆளுக்குப் புதிதாகப் பெயர் வைக்க வேண்டியதில்லை.

வள்ளியூர் பாதுகாப்புப் பயிற்சியாளர் (ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்):

ஐயா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வாயிலோன் செய்ததெல்லாம் உள்ளே போய் மன்னனிடம் சேதி சொன்னதுதான். வந்தவரை விடலாமா வேண்டாமா என்ற முடிவு மன்னனுடையது. இங்கே அந்த முடிவை எடுப்பவரே வாசலில் நிற்கிறார். அதுவும் வெள்ளிக்கிழமை இரவு, பாதிப்பேர் போதையில் இருக்கும் வரிசையின் முன்னால்.

'காவலர்' என்ற சொல்லை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். தமிழ்நாட்டில் அது காவல்துறையின் பதவிப் பெயர். இரண்டாம் நிலைக் காவலர், முதல் நிலைக் காவலர் என்றே அரசாணைகளில் இருக்கிறது. தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், போலீஸ் சீருடையையோ அதைப் போன்ற உடையையோ தனியார் பாதுகாப்பு ஊழியர் அணிந்தால் தண்டனை உண்டு என்கிறது. உடையே ஒத்திருக்கக் கூடாது என்றால் பெயர் மட்டும் ஒத்திருக்கலாமா? என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: காக்கி நிறத்தைப் பார்த்து ஆசைப்படாதே, உனக்கு லத்தி அதிகாரம் இல்லை. நம் நாட்டில் தனி நபர் ஒருவரைப் பிடிக்க முடிவது, அவர் கண் முன்னால் கடுமையான குற்றம் நடந்தால், அல்லது பிடிபட்டவர் அறிவிக்கப்பட்ட குற்றவாளியாக இருந்தால்தான். பிடித்தாலும் 6 மணி நேரத்துக்குள் போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு அது. இங்கிலாந்திலும் வாசலில் நிற்பவருக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. தற்காப்புக்கோ குற்றத்தைத் தடுக்கவோ நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தும் உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் எவ்வளவோ அவ்வளவுதான் அவருக்கும்.

பெயர் வைப்பதற்கு முன்னால் வேலையைப் பார்ப்போம். அங்கே 2001-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டப்படி இந்த வேலைக்கு உரிமம் கட்டாயம். சாதாரணக் கட்டடத்தில் முதலாளி தன் சொந்த ஆளைக் காவலுக்கு நிறுத்தினால் அவருக்கு உரிமம் தேவையில்லை. மதுவுக்கோ கேளிக்கைக்கோ உரிமம் பெற்ற இடமென்றால், சொந்த ஆளாக இருந்தாலும் உரிமம் வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். குற்றப் பின்னணி பார்ப்பார்கள். பயிற்சித் தேர்வில் தேற வேண்டும். 2021 ஏப்ரல் முதல், முதலுதவிச் சான்றிதழ் இல்லாதவரைப் பயிற்சியிலேயே சேர்ப்பதில்லை. உரிமம் 3 ஆண்டுக்கு. அட்டையை உடைக்கு வெளியே, எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருக்க வேண்டும்.

இனி இரவு வேலை. வரிசையை ஒழுங்காக நிறுத்துவது. வயதில் சந்தேகம் வந்தால் பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ கேட்பது (அங்கே வயது 18, நம் மாநிலத்தில் 21). ஏற்கெனவே நிலை தடுமாறி வருபவரை உள்ளே விடாமல் இருப்பது, ஏனென்றால் போதை தலைக்கேறியவருக்கு மது விற்பது அங்கே குற்றம். பையைச் சோதிக்க வேண்டுமென்றால் அவர் சம்மதம் வேண்டும்; சம்மதிக்காவிட்டால் உள்ளே விட மறுக்கலாம், பலவந்தமாகச் சோதிக்க முடியாது. பெண்களின் உடலைப் பெண்தான் சோதிக்க வேண்டும். நிறத்தைப் பார்த்தோ மதத்தைப் பார்த்தோ யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். அவசர வழிகளில் நாற்காலியும் பீர்ப்பெட்டியும் அடைத்துக் கிடக்கின்றனவா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். சண்டை வந்தால் முதலில் பேச்சு, கை கடைசியில்தான். என்ன நடந்ததோ அதை நேரம் குறித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ரத்தம் சிந்தியிருந்தால் போலீசார் வரும்வரை அந்த இடத்தை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடை மூடும் நேரத்தில் தெருவே அதிராமல் கூட்டத்தை அனுப்பி வைக்க வேண்டும்.

வண்ணார்பேட்டை, சந்திப்புப் பக்கம் ஹோட்டல் பார்களில் நாம் நிறுத்துகிற ஆள் யார்? மீசை பெரிதாக இருக்க வேண்டும், காரின் கதவைத் திறந்து சல்யூட் அடிக்க வேண்டும். என் மாணவர் ஒருவரிடம் ஒரு ஹோட்டல் மேலாளர் சொன்னது: 'யாரையும் திருப்பி அனுப்பாதே, வியாபாரம் போய்விடும்.' அப்படியானால் அவர் அங்கே நிற்பதற்கு அர்த்தமே இல்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்த வேலை.

நாங்குநேரி நண்பர்:

நம் சீமைக்கே உரிய சொல் இருக்கும்போது வெளியே ஏன் தேட வேண்டும்? பாளையக்காரர் காலத்துத் திசைகாவல், ஊர் அளவில் தலங்காவல். அதைப் பிடித்து 'தலக்காவலர்' என்று வைத்தால் மண்வாசனையும் இருக்கும், 'இடம்' என்ற பொருளும் வந்துவிடும்.

தென்காசி தமிழாசிரியர்:

மண்வாசனை சரி. பீர் வாசனையோடு ஒத்துப்போகுமா?

பாளையங்கோட்டை மொழிபெயர்ப்பாளர்:

வள்ளியூர் அண்ணாச்சிக்கு நன்றி. கையேட்டின் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

நாங்குநேரி நண்பரின் சொல்லை ஆசையோடு பார்த்தேன், ஆனால் ஏற்க முடியவில்லை. அந்தக் காவல் முறை சொத்தைச் சுற்றிச் சுழன்றது. ஊரார் காவல்கூலி தந்தார்கள். களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். களவு போன மாட்டைத் திரும்பக் காட்டித் தரத் துப்புக்கூலி என்று தனியாக வாங்கிய கதையெல்லாம் நம் தாத்தாக்கள் சொன்னதுதானே. யார் காவல், யாரிடமிருந்து காவல் என்பதே குழம்பிப் போன முறை அது. 1801-இல் பாளையங்கள் ஒடுங்கிய பிறகு கம்பெனி அரசு திசைகாவலைப் பாளையக்காரர்களிடமிருந்து பறித்ததற்கு அந்தக் குழப்பத்தையும் ஒரு காரணமாகச் சொன்னது. நமக்கு வேண்டிய சொல்லோ ஆட்களைப் பற்றியது. உள்ளே இருப்பவர், வரிசையில் நிற்பவர், திருப்பி அனுப்பப்பட்டவர் எல்லோரையும் அது சேர்த்துக்கொள்ள வேண்டும். நிற்க முடியாத நிலையில் இருக்கும் பெண்ணை உள்ளே விட மறுத்துவிட்டு, அவளை இருட்டுத் தெருவில் தனியே விட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று அங்கே சொல்ல மாட்டார்கள். தோழியரைத் தேடுவது, டாக்சி வரும்வரை பார்வையில் வைத்திருப்பது எல்லாம் பயிற்சியிலேயே இருக்கிறது.

அங்கே மது உரிமத்துக்கு அடிப்படை 2003-ஆம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. அது வைக்கும் நோக்கங்கள் நான்கு: குற்றத்தையும் ஒழுங்கின்மையையும் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், சிறாரைத் தீங்கிலிருந்து காத்தல். வாசலில் நிற்பவரின் ஒவ்வொரு வேலையையும் இந்த நான்கில் ஒன்றோடு முடிச்சுப் போடலாம். முதலாளியின் பீரைக் காப்பது நான்கில் எதிலும் இல்லை.

குற்றாலம் பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டும்போது குளிக்கத் தடை போடுவார்கள். சென்னையிலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்தவர் எவ்வளவு கெஞ்சினாலும் விட மாட்டார்கள். அங்கே காப்பது அருவியை இல்லை, அந்த ஆளைத்தான். வாசல் வேலையும் அதே இனம். ஆகவே 'காவல்' என்பதைவிடக் 'காப்பு' என்ற வேர் பொருந்துகிறது. விடுதிக் காப்பாளர் என்று நாம் சொல்லும்போது அவர் கட்டடத்தையா காக்கிறார்? பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர் என்றுதான் எல்லோருக்கும் புரிகிறது. அந்த வழியில் 'வாயிற்காப்பாளர்'.

'வாயிற்பொறுப்பாளர்' என்றும் யோசித்தேன். கட்சிகள் அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டன. மாவட்டப் பொறுப்பாளர், ஒன்றியப் பொறுப்பாளர் என்ற வரிசையில் இவரையும் சேர்த்துவிடுவார்கள்.

தென்காசி தமிழாசிரியர்:

வாயிற்காப்பாளர் என்றால் கருவறை வாசலில் கதையோடு நிற்கும் துவாரபாலகர்தான் என் கண்ணுக்குத் தெரிகிறார். போகட்டும், அவரும் ஒரு கையை உயர்த்தி எச்சரிக்கிறவர்தான். ஆனால் ஒரு சந்தேகம். வள்ளியூர் அண்ணாச்சி சொன்னதில் பாதி வேலை வாசலுக்கு உள்ளே நடக்கிறது. 'வாயில்' போதுமா?

வள்ளியூர் பாதுகாப்புப் பயிற்சியாளர்:

போதும் ஐயா. ஆங்கிலத்திலும் கதவு மட்டும்தான் பெயரில் இருக்கிறது, ஆள் உள்ளேயும் சுற்றுகிறார். அதைவிட எனக்குக் கவலை 'உரிமம் பெற்ற' என்பதில். 'உரிமம் பெற்ற இடத்தின் வாயிற்காப்பாளர்' என்று எழுதினால் உரிமம் இடத்துக்கா, ஆளுக்கா என்று பையன்கள் கேட்பார்கள். இரண்டுக்கும் தனித்தனி உரிமம். உரிமம் இல்லாத ஆள் நின்றால் நின்றவர் மீதும் குற்றம், நிறுத்தியவர் மீதும் குற்றம்.

பாளையங்கோட்டை மொழிபெயர்ப்பாளர்:

இடத்துக்கு 'உரிமக்கூடம்', ஆளின் அட்டைக்கு 'பணியுரிமம்' என்று பிரித்துவிடுகிறேன். 'மதுக்கூடம்' என்று மட்டும் சொன்னால் பாட்டும் ஆட்டமும் நடக்கும் அரங்குகள் விடுபடும். நம் ஊர் மனமகிழ் மன்றத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவரிடம் ஒரு தடவை யோசனை கேட்டிருக்கலாம்.

இன்னும் இரண்டு சொல் பாக்கி. கடை மூடும்போது கூட்டத்தை அனுப்புவதற்கு அகராதி 'கலைத்தல்' என்கிறது. நம் செய்தித்தாளில் கூட்டத்தைக் கலைத்தார்கள் என்றால் தடியடி நடந்திருக்கும். 'வழியனுப்பு' என்று போட நினைக்கிறேன். மற்றொன்றுதான் சிக்கல். ஒருவரைப் பிடித்து அமுக்கும்போது உடல் கிடக்கும் நிலையால் மூச்சு நின்றுபோவதற்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'உடல்நிலை மூச்சுத்திணறல்' என்று எழுதினால், ஆளுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை என்று பொருள்பட்டுவிடும்.

அம்பாசமுத்திரம் செவிலியர்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்தச் சொல்லில் மட்டும் விளையாட வேண்டாம், ஆள் சாகிற விஷயம்.

குப்புறக் கிடத்தி முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினால் நெஞ்சுக்கூடு விரிய முடியாது. குடித்தவர், பருமனானவர், சண்டை போட்டுக் களைத்தவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். மூச்சுக்காக உடலை முறுக்குவார். பிடித்திருப்பவர் அதைத் திமிறல் என்று நினைத்து இன்னும் அழுத்துவார். 'பேச முடிகிறது என்றால் மூச்சு விட முடிகிறது' என்று நம்புவதும் தவறு. சத்தம் திடீரென்று அடங்கினால் ஆள் அடங்கிவிட்டான் என்று விட்டுவிடாதீர்கள். உடனே பிடியைத் தளர்த்தி, பக்கவாட்டில் திருப்பி, மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குப்புறப் படுத்தால் மட்டும் வருவதும் இல்லை. உட்கார வைத்து முன்பக்கமாக வளைத்து அமுக்கினாலும் வரும். அதனால் 'கவிழ்நிலை' என்று வைக்காதீர்கள். 'அமுக்குநிலை மூச்சடைப்பு' என்று சொன்னால், யார் செய்கிற தவறு என்பது பெயரிலேயே தெரியும்.

வள்ளியூர் பாதுகாப்புப் பயிற்சியாளர்:

அக்கா சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நாளைய வகுப்பில் இருந்தே சொல்லத் தொடங்குவேன்.

நாங்குநேரி நண்பர்:

தலக்காவலரை விட்டுக்கொடுத்துவிட்டேன். பெண்கள் இந்த வேலைக்கு வந்தால்?

பாளையங்கோட்டை மொழிபெயர்ப்பாளர்:

காப்பாளர் இருபாலுக்கும் பொது. 'வாயிற்காப்பாளினி' என்று யாரும் தொடங்க வேண்டாம்.

கையேட்டுக்குப் போகும் வரையறை இது. திருத்தம் இருந்தால் ஞாயிறு மாலைக்குள் எழுதுங்கள், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது:

'வாயிற்காப்பாளர்: உரிமக்கூடத்தில் யாரை அனுமதிப்பது, யாரை மறுப்பது என்று முடிவு செய்து, உள்ளிருப்போரின் பாதுகாப்பைக் கவனித்து, வெளியேறுவோரை அமைதியாக வழியனுப்பும் பணியுரிமம் பெற்றவர். இவருக்குக் காவல்துறை அதிகாரம் இல்லை.'