நாலே காலுக்கு பெல் அடிச்சா ஸ்கூல் காலி, பிள்ளைகள ஒண்ணா சேக்க என்ன வழி?

வாய்க்காகரை டீச்சர்:
அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன கவர்மெண்ட் ஹைஸ்கூல், ஆறாப்புல இருந்து பத்தாப்பு வர மொத்தமே 118 பிள்ளைங்கதான். இத்தன பேருக்கு எல்லாரும் எல்லாருக்கும் பழக்கமா இருக்கணும்லா, இல்ல. அஞ்சு ஊர்ல இருந்து வாராங்க, மதியம் சத்துணவு வாங்கிட்டு வேப்பமரத்தடியில பாத்தா ஊர் ஊரா தனித்தனி வட்டம் (ஊருன்னா சாதிதான்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு நான் வெளக்க வேண்டாம்). போன மாசம் எட்டாப்பு பய ஒருத்தன் கையில கலர் கயிறு, கேட்டா "கோயில் கயிறு டீச்சர்"ங்கான், மறுநாள் அதே கலர்ல நாலு கை. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில சாதிப் பகையில கூடப் படிச்ச பயலுவளே ஒருத்தன வீடு புகுந்து வெட்டுனதுக்குப் பெறவு அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியக் காட்டுத கயிற தடை பண்ணணும்னு 2024-ல ரிப்போர்ட்டே குடுத்தாச்சு. சரி, கழத்தச் சொல்லி கழத்தியாச்சு, அதுக்குப் பெறவு? ஆண்டு விழாவும் நடத்திப் பாத்தேன், ஆடுனாங்க பாடுனாங்க, திங்கக்கிழம மறுபடி அதே வட்டம். சாயங்காலம் எதுவும் வைக்க முடியாது, டவுன் பஸ்ஸ விட்டா ஒன்ற மணி நேரம் நிக்கணும்.

பழைய பி.டி. சார்:
சாயங்காலத்த விடுங்கம்மா, மதியம் சாப்ட்ட பெறவு கெடைக்க இருவது நிமிஷம் போதும். நான் வேலைக்குச் சேந்த வருஷம் கபடிக்கு "நீங்களே டீம் பிரிங்கலே"ன்னுட்டேன், ஊருக்கொரு டீமா பிரிஞ்சிட்டானுவ, அர மணி நேரத்துல ரெண்டு சட்ட கிழிஞ்சி அப்பன்மாரு கேட்டுக்கு வந்துட்டாங்க. தப்பு எம்மேல. அடுத்த வருஷம் சாக்பீஸ் டப்பாவுல சீட்டு போட்டு குலுக்குனேன், சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு, கடனாநதின்னு நாலு டீம், எல்லாம் தாமிரபரணில வந்து சேருற ஆறுதான, எந்த ஊர்க்காரனும் இது ஒன்னோடதுன்னு சண்டைக்கு வர முடியாது. ஆறாப்புல விழுந்த ஆறுதான் பத்தாப்பு முடியுற வர, மாத்தவே கூடாது. பெரிய பிள்ளைங்க சின்னதுகளுக்கு சொல்லிக் குடுக்கும் பாருங்க, அது நம்ம வாத்தியார்மாரால ஆகாத காரியம்.

குளத்தாங்கர பய:
சார் சொல்லுதது சரிதான் ஆனா வெளையாட்டுன்னா தோத்தவன் மொகம் தூக்குவான். நாங்க படிக்கயில ஜனவரி மாசம் தாமிரபரணி நீர்ப்பறவை கணக்கெடுப்புக்கு போனோம், மணிமுத்தாறுல இருக்க ஏட்ரிங்க சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க 2011-ல இருந்து நடத்துதாங்க. அஞ்சு பேருக்கு ஒரே பைனாகுலர், ஒருத்தன் பாக்கணும் ஒருத்தி படத்த பாத்து பேர் சொல்லணும் ஒருத்தன் எழுதணும், அடிச்சுக்கிட நேரமே கெடையாது. நாங்க கூழைக்கடா 14-ன்னு எழுதுனோம், பக்கத்து குரூப்பு 9, கிட்ட போயி பாத்தா மிச்ச அஞ்சும் முள்ளுல மாட்டுன வெள்ள சாக்கு 😂 இன்னைக்கும் அந்த அஞ்சு பேரு வாட்ஸப் குரூப்பு பேரு "சாக்கு"தான். கூந்தன்குளமும் ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க, பறவை பயந்துரும்னு தீவாளிக்கு வெடி போடாத ஊரு, அத ஊர்ப் பெரியவங்க வாயால பிள்ளைங்க கேக்கட்டும்.

ரெண்டு பிள்ள அம்மா:
எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பொம்பளப் பிள்ளைகள குளத்துக்கு யாரு அனுப்புவா? நான் எங்க ஸ்கூல்ல பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கேன், கூட்டம்னா கையெழுத்து வாங்கி டீ குடுத்து அனுப்பிருவாங்க. அந்தக் கூட்டத்துல இத வைங்க டீச்சர், ஊருக்கு ஒரு அம்மாவ கூட கூப்புடுங்க, நாங்க கட்டுச்சோறு கட்டிட்டு வாரோம். அம்மாமாரு ஒரே தூக்குல இருந்து எடுத்துச் சாப்டுதத பிள்ளைங்க பாக்கணும், வட்டம் எங்க வீட்டுல இருந்துதான வருது.

வாய்க்காகரை டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு மதியமே சீட்டு குலுக்கிட்டேன். கயிறு கட்டுன பய பச்சையாறுல விழுந்தான், அவன் கூட்டாளி ஒருத்தன்கூட அதுல இல்ல, "மாத்தித் தாங்க டீச்சர்"னு மூணு தடவ ஸ்டாஃப் ரூமுக்கு வந்துட்டான், மாத்தல. அக்கா சொன்னத அடுத்த கூட்டத்துல வைக்கேன். யார்ட்டயாவது பழைய பைனாகுலர் சும்மா கெடந்தா சொல்லுங்க, வந்து வாங்கிக்கிடுதேன்.