அப்பாவின் மாத்திரையும் அரைவேக்காட்டு முட்டையும்

சுங்கை சிப்புட் நண்பர்களே, மாத்திரை போட்டும் கேட்காமல் போன கதை, அல்லது ஒரே மாத்திரையில் ஆளையே சாய்த்துவிட்ட கதை இருந்தால் கீழே எழுதுங்கள். முதலில் என் வீட்டுக் கதை.

அப்பா 35 வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பட்டையில் ஒரு மயிரிழை ஆழம் கூடினாலும் மரத்துக்குக் காயம் என்பார். அப்படிப்பட்ட கை, கோப்பி கிளாசைப் பிடிக்க முடியாமல் ஆட ஆரம்பித்தது. வயதாகிவிட்டது என்று ஆறு மாதம் விட்டுவிட்டோம். பிறகுதான் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. லெவோடோபாவும் பென்செராசைடும் கலந்த மாத்திரை கொடுத்தார்கள். பொட்டலத்தில் ‘தினம் 3 வேளை’ என்று மட்டும் எழுதியிருந்தது. எப்போது, எதோடு என்று கொடுத்தவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மதிய மாத்திரை நன்றாக வேலை செய்தது. காலை மாத்திரைதான் சரியில்லை. பத்து மணி வரைக்கும் கை ஆடும், கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நகராது. “காலையில குடுக்கிறது போலி மாத்திரைடா” என்று அப்பாவே முடிவு கட்டிவிட்டார். இரண்டும் ஒரே அட்டையில் இருந்து எடுப்பவைதான். சொன்னால் கேட்கமாட்டார்.

அடுத்த தடவை மருந்து வாங்கப் போனபோது வேறொரு பார்மசிஸ்ட் பெண் இருந்தார். நான் குறையைச் சொன்னதும் அவர் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை, “அப்பா காலையில என்ன சாப்பிடுவாரு?” என்றார். இரண்டு அரைவேக்காட்டு முட்டை, பால் ஊற்றிய கெட்டி மைலோ. அந்த மைலோவில்தான் மாத்திரையை விழுங்குவார். பெண் சிரித்துவிட்டார். பொட்டலத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார்.

விழுங்கிய மாத்திரை இரைப்பையில் கரைந்து, சிறுகுடலுக்குப் போய், அங்கேதான் ரத்தத்தில் சேர்கிறது. அந்த ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகும், அப்புறம் இதயம், பிறகு உடம்பு முழுக்க. அதுவரை எல்லா மருந்துக்கும் கிட்டத்தட்ட ஒரே பாதை. மூளை வாசலில்தான் சிக்கல். உடம்பின் மற்ற இடங்களில் நுண்குழாய்ச் சுவரில் உள்ள செல்களுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளி இருக்கும், மருந்து கசிந்து வெளியே வந்துவிடும். மூளையில் அந்தச் செல்கள் ஒன்றோடொன்று இறுகத் தைத்தது போல இருக்குமாம். கொழுப்பில் கரையும் பொருள் செல்லின் ஊடாகவே நுழைந்துவிடும். மற்றதுக்கெல்லாம் வாசல் வேண்டும், அந்த வாசலுக்குரிய ஆளாகவும் இருக்கவேண்டும்.

அப்பாவின் மூளையில் குறைவது டோபமைன், கை கால் அசைவுக்கு மூளை பயன்படுத்தும் ரசாயனம். அப்படியானால் டோபமைனையே ஊசியாகப் போட்டுவிடலாமே என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு, அது உள்ளே போகாது என்றார். ரத்தத்திலேயே சுற்றும், இதயத்தைப் படபடக்க வைக்கும், மூளைக்கு எட்டாது. அதனால்தான் லெவோடோபாவாகக் கொடுக்கிறார்கள். அது அமினோ அமிலம் மாதிரி இருப்பதால், அமினோ அமிலங்களை ஏற்றிச் செல்லும் வாசல் வழியாக உள்ளே போய், மூளையில் டோபமைனாக மாறுகிறது. வழியிலேயே மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் பென்செராசைடு. அதுவோ மூளைக்குள் போகாது. போகாததுதான் நல்லது, போனால் அங்கேயும் மாற்றத்தைத் தடுத்துவிடும்!

முட்டையும் பாலும் செரித்தால் என்ன கிடைக்கும்? அதே அமினோ அமிலங்கள். குடலிலும் அதே வாசல், மூளையிலும் அதே வாசல். எனக்கு உடனே பழைய காலத்துத் தோட்டத்துப் பிரட்டுதான், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்தான், ஞாபகம் வந்தது. விடியற்காலை பெயர் கொடுக்க ஒரே வரிசை. முட்டை வீட்டு ஆட்கள் ஐம்பது பேர் முன்னால் நின்றால், பின்னால் வந்த மாத்திரை எத்தனை மணிக்கு உள்ளே போகும்?

முட்டையை நிறுத்தவேண்டாம், நேரத்தை மாற்றுங்கள் என்றார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு 1 மணி நேரம் கழித்து, வெறும் தண்ணீரில். இப்போது ஆறு மணிக்கு மாத்திரை, ஆறே முக்காலுக்கு முட்டை. பத்து நாளில் சட்டைப் பொத்தானைத் தானே போட ஆரம்பித்துவிட்டார். மேல் பொத்தான் மட்டும் இன்னும் தகராறு.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

*செம்பனை லோரி:*
அண்ணே, எனக்கு நடந்தது நேர்மாறு. மூக்கு ஒழுகுகிறது என்று ராத்திரி ஒரு பிரிட்டோன் போட்டேன், அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை. காலை ஐந்து மணிக்குக் குலை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போகிறேன், வளைவில் கண் செருகிவிட்டது. டயர் கல்லில் ஏறிய சத்தத்தில்தான் முழித்தேன். தும்மல் மாத்திரை தூக்கத்தை ஏன் கொண்டுவருகிறது என்று கிளினிக்கில் கேட்டேன். அது சுலபமாக மூளைக்குள் போய்விடுமாம். தும்மலைக் கிளப்பும் ஹிஸ்டமின்தான் மூளையில் நம்மை விழித்திருக்க வைக்கிறதாம். அதை அங்கேயும் அடைத்துவிட்டால் தூங்காமல் என்ன செய்வது? பாதி மருந்து இறங்கவே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகுமாம். இப்போது லோராடடின் எழுதிக் கொடுக்கிறார்கள். அது மூளைக்குள் அதிகம் போகாதாம். நுழையப் பார்த்தாலும் வாசலிலேயே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட ஒரு பம்ப் இருக்கிறதாம். நம்ம ஊர் கல்யாண மண்டபத்துக்கு அப்படி ஒரு ஆள் வேண்டும்.

*மூணாம் டிவிஷன் மருமகள்:*
என் அத்தைக்கு நெஞ்சு வலி. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, ஜிடிஎன், பழுப்புப் பாட்டிலில் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் வலி வந்தது. பக்கத்து வீட்டு அக்கா நல்ல எண்ணத்தில் சுடுதண்ணீர் கொடுத்து மாத்திரையை விழுங்க வைத்துவிட்டார். வலி அடங்கவே இல்லை, ஆம்புலன்சில்தான் போனோம். பிறகு டாக்டர் சொன்னார், விழுங்கினால் குடல் வழியாகக் கல்லீரலுக்குத்தான் முதலில் போகும், கல்லீரல் அதைப் பெரும்பாலும் அழித்துவிடும். நாக்குக்கு அடியில் வைத்தால் வாயில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக, கல்லீரலைத் தொடாமல், நேராக இதயத்துக்குப் போகும், சில நிமிடங்களில் கேட்கும். ரத்த அழுத்தம் இறங்கும் என்பதால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்கவேண்டும். பாட்டிலைத் திறந்த தேதியை எழுதி வையுங்கள். 8 வாரம் தாண்டினால் புதிது வாங்கவேண்டும். எங்கள் பாட்டில் திறந்து எத்தனை மாதம் ஆனது என்று யாருக்கும் தெரியாது, அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

*பழைய லயத்து ஆள்:*
எங்கள் தாத்தா டாக்டருக்குப் படிக்கவில்லை, ஆனால் சம்சு குடிக்கப் போகிறவனை “ரெண்டு வாய் சோறு தின்னுட்டுப் போடா” என்பார். சாராயம் சிறுகுடலில்தான் வேகமாக ஏறும். வயிற்றில் சோறு இருந்தால் இரைப்பையிலேயே தங்கி மெதுவாக இறங்கும். காலி வயிற்றில் குடித்தவன் கடை வாசலிலேயே விழுவான். சோறு தின்றவன் வீட்டு வாசலில் விழுவான், அவ்வளவுதான் வித்தியாசம்.

*ஓய்வுபெற்ற வாத்தியார்:*
தாத்தாவைப் பற்றி எழுதினீர்கள், பாட்டியை விட்டுவிட்டீர்களே. வெற்றிலையில் சுண்ணாம்பு எதற்கு? சிவக்க மட்டும் இல்லை. புகையிலையில் உள்ள நிகோடின், சுண்ணாம்பின் காரத்தன்மையில் மின்னூட்டம் இழந்து, கன்னத்துத் தோல் வழியாகச் சுலபமாக ரத்தத்தில் சேர்ந்துவிடும். இதே நிகோடினைப் புகையாக இழுத்தால் நுரையீரலில் இருந்து 10 முதல் 20 விநாடியில் மூளைக்குப் போய்விடும். எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு இறுக்கமாகப் பழக்கம் பிடிக்கிறது. பாட்டியின் சுண்ணாம்பை நான் புகழவில்லை, எங்கள் பாட்டி வாய்ப் புற்றில்தான் போனார்.

மூளை வாசலைப் பற்றி ஒன்று. 1885இல் பவுல் எர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றினார். உடம்பு முழுக்க நிறம் ஏறியது, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்குச் சாயம் பிடிக்காது போல என்று நினைத்துவிட்டார். 1913இல் அவருடைய மாணவர் கோல்ட்மன் அதே மாதிரிச் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் ஏற்றினார். மூளை நிறம் மாறியது, உடம்பு மாறவில்லை. நடுவில் வேலி இருக்கிறது என்று அப்படித்தான் புரிந்தது.

*பதிவிட்டவர்:*
வாத்தியாருக்கு நன்றி. லோரி தம்பி, மாத்திரை வாங்கும்போது லோரி ஓட்டுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடு.

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சம்சு வரியில் சிரித்தார். அப்புறம், “அப்ப ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறி?” என்று கேட்டார். அதுவும் அதே வரிசைதான், மாத்திரைக்கு அப்புறம்தான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எதுக்கும் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டு வா” என்றார். செவ்வாய்க்கிழமை போகிறேன்.